கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்: கள்ளக் கோல்களின் கதை

எங்கட வீடுகளில் 90களைப் பற்றிக் கதை தொடங்கினால் பொருளாதாரத் தடை வரும், ஜாம் போத்தல் விளக்கு வரும், கிளாலிக் கடல் வரும். அதோட சேர்ந்து இன்னொரு விசயமும் வரும்: ஒரு ரெலிபோன் கோல் கதைக்கப் பட்ட பாடு. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, வெளியாலே கதைக்கத் தொலைபேசியும் இல்லை. கனடாவில் இருக்கிற மகனின் குரலைக் கேட்க வேணுமெண்டால் அம்மா கடல் தாண்டி வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேணும். அங்கே ஒரு கொமினிக்கேசன் கடையிலோ லொட்ஜிலோ காத்திருக்க வேணும். கோல் கிடைத்தாலும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கதை. "பில் ஏறுது, வைக்கிறன்" என்பதுதான் பல கோல்களின் கடைசி வசனம்.

அந்தப் பில்லைப் பற்றித்தான் நாங்கள் இங்கே எழுதுகிறோம். ஒரு கோலுக்குக் கொம்பனிக்கு ஆகிற உண்மையான செலவு கொஞ்சம். எங்களிடம் வாங்கிய காசு கனக்க. இரண்டுக்கும் இடையில் இருந்த அந்தப் பெரிய இடைவெளிக்குள் உலகம் முழுக்க ஒரு களவு வியாபாரம் வளர்ந்தது. ஆரோ ஒருவரின் ஒபிஸ் ரெலிபோனை உடைத்து, அதன் வழியாக இன்னொரு நாட்டுக்குக் கோல் எடுத்துக் குடுக்கிற வியாபாரம். இதை வெறும் "ஹக்கர்" கதையாகச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மற்றப் பாதி, பிரிந்து வாழ்கிற சனத்தின் கதை.

விசிலடித்துத் திறந்த கதவு

முதலில் ஒபிஸ் இல்லை, ரெலிபோன் கொம்பனியேதான் உடைந்தது. அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. கொம்பனி, தூர இடக் கோல்களைக் கட்டுப்படுத்தச் சத்தத்தையே பயன்படுத்தியது. ஒரு லைன் சும்மா கிடக்கிறது என்று காட்ட 2600 ஹேர்ட்ஸ் சத்தம், எந்த நம்பருக்குப் போக வேணும் என்று சொல்ல வேறு சத்தங்கள். இவையெல்லாம் நாங்கள் கதைக்கிற அதே கம்பி வழியாகத்தான் போயின. கொம்பனியின் பொறியியலாளர்கள் 1954இலும் 1960இலும் தங்கட தொழில்நுட்பச் சஞ்சிகையில் இந்தச் சத்தங்களின் விபரத்தை அப்படியே அச்சிட்டும் விட்டார்கள். நூலகத்துக்குப் போகிற எவரும் வாசிக்கலாம்.

ஜோ எங்கிரெசியா என்ற, பிறவியிலேயே பார்வையில்லாத பையன், ஏழு வயசளவில் ரெலிபோனுக்குள் விசிலடித்தபோது லைன் வெட்டுப்படுவதைக் கண்டுபிடித்தான். 1968இல் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் சக மாணவர்களுக்கு விசிலடித்துக் கோல் எடுத்துக் குடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டான். ஜோன் டிரேப்பர் என்பவருக்கு 'கப்டன் கிரஞ்ச்' என்ற பட்டப்பெயர் வந்ததே, அந்தப் பெயருள்ள தானியப் பெட்டிக்குள் இலவசமாக வந்த ஊதுகுழல் அதே 2600 சத்தத்தைத் தந்ததால்தான். 1971 ஒக்டோபரில் எஸ்குவயர் சஞ்சிகை இவர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை போட்டது. அதை வாசித்த ஸ்டீவ் வொஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜொப்ஸும் 'நீலப் பெட்டி' என்ற சத்தம் எழுப்பும் கருவியைச் செய்து பெர்க்லி மாணவர் விடுதிகளில் விற்றார்கள். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அப்பிள் கொம்பனியே இருந்திருக்காது என்று ஜொப்ஸ் பிறகு சொன்னார்.

இணையத்தில் இந்தக் கதையை வாசித்தால் எல்லாம் இங்கேதான் முடியும். கெட்டிக்காரப் பொடியள், பெரிய கொம்பனி, ஒரு விளையாட்டு. ஆனால் 70களின் பிற்பகுதியில் இருந்து கொம்பனிகள் கட்டுப்பாட்டுச் சத்தத்தைக் கதைக்கிற கம்பியில் இருந்து பிரித்து வேறு பாதையில் அனுப்பத் தொடங்கின. விசில் கதவு மெல்ல மெல்ல மூடுப்பட்டது. களவு அதோட நிற்கவில்லை. கொம்பனியை விட்டு, கொம்பனியின் வாடிக்கையாளர்களிடம் போனது.

ஒபிஸ் பெட்டி

30 பேர் வேலை செய்கிற ஒபிசில் 30 லைன் எடுக்க மாட்டார்கள். வெளியில் இருந்து நாலைந்து லைன் வரும். உள்ளே ஒவ்வொரு மேசைக்கும் ஒரு எக்ஸ்டென்சன் இருக்கும். நடுவில் நின்று கோல்களைப் பிரித்துக் குடுக்கிற பெட்டிக்குத்தான் பீ.பீ.எக்ஸ். என்று பெயர். 80களில் இந்தப் பெட்டிகள் கணினி மாதிரி ஆகின. வொய்ஸ்மெயில் வந்தது. வெளியில் திரிகிற விற்பனைப் பிரதிநிதிக்கு வசதியாக இன்னொன்றும் வந்தது: ஒபிஸ் நம்பருக்கு அடித்து ஒரு இரகசிய எண்ணைக் குடுத்தால், ஒபிசுக்குள் இருந்து கதைக்கிற மாதிரி அங்கிருந்து வேறு எங்கும் கோல் எடுக்கலாம். பில் ஒபிசுக்கு வரும்.

இரகசிய எண் எவ்வளவு இரகசியம்? பல இடங்களில் பெட்டி விற்றவன் போட்டுக் குடுத்த எண்ணே மாறாமல் இருந்தது. சில இடங்களில் 1234. சில இடங்களில் எக்ஸ்டென்சன் நம்பரேதான் வொய்ஸ்மெயிலின் எண். வேலையை விட்டுப் போன ஆளின் எக்ஸ்டென்சன் ஆரும் கவனிக்காமல் அப்படியே கிடந்தது. பூட்டு இருந்தது, திறப்பும் பூட்டிலேயே தொங்கியது.

80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் நியூயோர்க்கின் பெரிய பஸ் நிலையத்தில், பொது ரெலிபோன்களுக்குப் பக்கத்தில் ஆக்கள் நின்று கோல் விற்றார்கள். களவெடுத்த எண்ணை அடித்து, "எந்த ஊர் வேணும்?" என்று கேட்பார்கள். ஒரு சின்னத் தொகையைக் குடுத்துவிட்டு வேணுமான நேரம் கதைக்கலாம். பக்கத்தில் ஆராவது கோலிங் கார்ட் எண்ணை அழுத்தும்போது தொலைநோக்கியால் பார்த்துக் களவெடுக்கிற ஆக்களும் இருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் யார்? பெரும்பாலும் குடியேறிகள். ஊரில் அம்மா, மனிசி, பிள்ளைகள் இருக்கிற ஆக்கள்.

அப்ப பில்லை ஆர் கட்டினது? 1993இல் மேரிலண்டில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. வாகனங்களுக்கு ஒயில் மாற்றுகிற 'ஜிஃபி லூப்' என்ற கொம்பனியின் பீ.பீ.எக்ஸ்.ஐ ஆரோ உடைத்துக் கோல் எடுத்திருந்தார்கள். நாங்கள் எடுக்காத கோலுக்கு ஏன் காசு கட்ட வேணும் என்று அந்தக் கொம்பனி கேட்டது. கோல் உங்கட பெட்டியில் இருந்துதான் வெளிக்கிட்டது, அனுமதித்தீர்களோ இல்லையோ நீங்கள்தான் கட்ட வேணும் என்று ஏ.டி. அன்ட் டி. பக்கம் தீர்ப்பு வந்தது. பெட்டி ஆருடையதோ பில்லும் அவருடையது என்ற இந்த நிலைப்பாடு பிறகும் கனகாலம் தொடர்ந்தது.

ஏன் ஒரு கோல் அவ்வளவு விலை?

இதைக் கேட்காமல் வரிசையில் நின்ற ஆக்களைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அந்தக் காலத்தில் ஒரு நாட்டில் இருந்து மற்ற நாட்டுக்குக் கோல் போனால் இரண்டு நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களும் காசைப் பங்கு பிரித்தன. பல ஏழை நாடுகளின் அரச தொலைபேசி நிறுவனங்களுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிற கோல்தான் டொலர் வருமானம். அதனால் விலையைக் குறைக்க அவைக்கு அவசரம் இருக்கவில்லை. பணக்கார நாட்டுக் கொம்பனிகளும் தங்கட பங்குக்கு நல்லா ஏற்றித்தான் விற்றன. 1997இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு, தங்கட நாட்டுக் கொம்பனிகள் மற்ற நாடுகளுக்குக் குடுக்கிற தொகைக்கு உச்ச வரம்பு போட்டது. நாட்டின் வருமானத்தைப் பொறுத்து நிமிடத்துக்கு 15 தொடக்கம் 23 சதம். வரம்பே இவ்வளவு என்றால் அதற்கு முதல் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

இலங்கையில் சர்வதேசக் கோல்களின் தனியுரிமை 2002 ஓகஸ்ட் வரை ஸ்ரீலங்கா ரெலிகொம்மிடம் இருந்தது. 2003இல்தான் மற்ற நிறுவனங்களுக்கும் சர்வதேச வாசல் அனுமதிகள் கிடைத்தன. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏ9 பாதையும் திறந்தது. குடாநாட்டுச் சந்திகளில் கொமினிக்கேசன் கடைகளும் பிறகு கைத்தொலைபேசிகளும் பரவியதும், கோல் விலை விழத் தொடங்கியதும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான்.

அதற்கு முதல் எங்கட சனம் என்ன செய்தது? லா சப்பலிலும் ஸ்கார்பரோவிலும் தமிழ்க் கடைகளில் ரெலிபோன் கார்ட் வாங்கிச் சுரண்டி, நீட்டு நம்பர் அடித்துக் கதைத்தது. அங்கும் ஏமாற்று இருந்தது. 2008இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு சில முற்கொடுப்பனவு கார்ட் கொம்பனிகளுக்கு எதிராக வழக்குப் போட்டது. கார்டில் எழுதியிருந்த நிமிடங்களில் சுமார் பாதிதான் கிடைத்தது என்பது சோதனையில் தெரிந்தது. களவுக் கோல் விற்கிறவன் ஒபிசை ஏமாற்றினான், பதிவு செய்த கொம்பனி குடியேறியை ஏமாற்றியது. முதலாவதுக்குப் பொலிஸ் போனது. இரண்டாவது கனகாலம் வெறும் "சின்ன எழுத்து" விசயமாகவே கிடந்தது.

மணிலாவில் இருந்து பிரேசியாவுக்கு

இந்த வியாபாரத்தின் முழு உருவத்தைக் காட்டிய வழக்கு 2009 ஜூனில் நியூ ஜேர்சியில் வெளிவந்தது. குற்றப்பத்திரிகையின்படி பிலிப்பைன்சில் இருந்த 3 பேர் 2005 தொடக்கம் 2008 வரை 2,500க்கு மேற்பட்ட பீ.பீ.எக்ஸ். பெட்டிகளை உடைத்தார்கள். அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, ஐரோப்பா என்று பல நாட்டுப் பெட்டிகள். உடைத்த பெட்டி ஒன்றுக்குச் சுமார் 100 டொலர் வாங்கிக்கொண்டு அந்த எண்களை இத்தாலிக்கு விற்றார்கள். அங்கே பிரேசியா நகரில் கோல் கடைகள் நடத்திய பாகிஸ்தானியர்களை இத்தாலியப் பொலிஸ் கைது செய்தது. அந்தக் கடைகளில் குடியேறிகள் மலிவாக ஊருக்குக் கதைத்தார்கள். மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் நிமிடங்கள். பெறுமதி 5 கோடியே 50 இலட்சம் டொலர்.

இந்தக் கணக்கை நாங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேணும். 5 கோடியே 50 இலட்சத்தை 1 கோடியே 20 இலட்சத்தால் பிரித்தால் நிமிடத்துக்கு நாலரை டொலருக்கு மேல் வருகிறது. 2000களின் நடுப்பகுதியில் ஒரு நிமிடக் கோலுக்கு உண்மையில் அவ்வளவு செலவா? இல்லை. அது கொம்பனியின் விலைப்பட்டியல் கணக்கு. உடைத்த ஆக்களுக்கோ 2,500 பெட்டிக்கு 100 டொலர்ப்படி சுமார் இரண்டரை இலட்சம் டொலர்தான். நூற்றுக்கு அரைப்பங்கும் இல்லை. களவின் கணக்கிலேயே அந்தப் பழைய இடைவெளி அப்படியே தெரிகிறது.

"கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த மாதிரி" என்று ஊரில் சொல்வார்கள். பிரேசியாக் கடையில் நடந்தது அதுதான். தேங்காய் ஏதோ ஒரு அமெரிக்க ஒபிசின்டை. உடைத்தவன் இடைத்தரகன். ஆனால் அந்தக் கதையில் ஒரு பிள்ளையாராவது இருந்தார். கோலின் ஒரு முனையில் வேலை முடித்து வந்த ஒரு தொழிலாளி, மற்ற முனையில் அவர் குரலுக்காகக் காத்திருந்த குடும்பம். தான் கதைக்கிற நிமிடம் களவு நிமிடம் என்று அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கட ஊரிலும் இதற்கு ஒரு தம்பி முறைக் களவு இருந்தது. லண்டனில் இருந்து மாமா கோல் எடுப்பார், எங்கட போனில் 077 என்று உள்ளூர் நம்பர் விழும். வெளிநாட்டுக் கோலை இணையம் வழியாக இலங்கைக்குக் கொண்டுவந்து, உள்ளூர் சிம்கள் செருகிய ஒரு பெட்டியால் உள்ளூர்க் கோலாக மாற்றி விடுவார்கள். சர்வதேசக் கோலுக்குரிய கட்டணமும் அரசின் வரியும் அதில் தப்பிவிடும். சின்ன வயசில் எங்களுக்கு அது ஒரு புதினம். அதுவும் அதே இடைவெளிக்குள் முளைத்த செடிதான்.

ஆளில்லாத கோல்

இப்போது வட்ஸ்அப்பும் வைபரும் வந்துவிட்டன. அம்மம்மா கனடாவோடு ஒரு மணித்தியாலம் வீடியோவில் கதைத்தாலும் டேட்டாக் காசுதான். மலிவுக் கோல் தேடி ஆரும் கள்ளக் கடைக்குப் போகத் தேவையில்லை. அப்ப இந்தக் களவு செத்திருக்க வேணும் அல்லவா? சாகவில்லை, ஆள் மாறியது.

உலகத்தில் பல நாடுகளில் சில விசேட நம்பர்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கோல் எடுத்தால் நிமிடத்துக்கு உயர்ந்த கட்டணம், அதில் ஒரு பங்கு நம்பரை வைத்திருக்கிறவருக்குப் போகும். களவுக் கூட்டம் அப்படி நம்பர்களைத் தானே வாடகைக்கு எடுக்கும். பிறகு ஒரு ஒபிசின் பெட்டியை உடைத்து, அந்தப் பெட்டியை இரவு முழுக்கத் தன் நம்பருக்கே கோல் எடுக்க வைக்கும். பில் ஒபிசுக்கு, பங்கு கூட்டத்துக்கு.

2008 தொடக்கம் 2012 வரை நடந்த அப்படி ஒரு பெரிய மோசடியில் காசைக் கைமாற்றிக் குடுத்த முகமது சொகைல் கஸ்மானி என்பவர் 2016இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் கையால் மட்டும் 1 கோடியே 96 இலட்சம் டொலர், குறைந்தது 10 நாடுகளில் இருந்த சுமார் 650 பேருக்குப் போயிருந்தது. அந்த வழக்கில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது காசுத் தொகை இல்லை. உடைத்த பெட்டிகள் அடித்த அந்த நம்பர்களின் மற்றப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதுதான். பொய்யாக மணியடிக்கிற சத்தம், பாஸ்வேர்ட் கேட்கிற பதிவுக் குரல், அதற்குப் பிறகு வெறும் மௌனம். ஒரு இயந்திரம் இன்னொரு இயந்திரத்துக்குக் கோல் எடுத்து, ஒன்றுமே கதைக்காமல் மணிக்கணக்காக லைனில் நின்றது. தேங்காய் உடைபடுகிறது, பிள்ளையார்தான் இல்லை.

காசு கட்டினது ஆர்? 2014 மார்ச்சில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், 7 பேர் வேலை செய்கிற ஒரு கட்டடக்கலை நிறுவனத்துக்கு ஒரே வார இறுதியில் 166,000 டொலர் பில் வந்தது. கோல்கள் போன இடங்கள் காம்பியா, சோமாலியா, எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற மாலைதீவு. வழமையாக எடுக்கிற கோல்களால் அந்தத் தொகை வர 34 வருசம் எடுக்கும். பெரிய கொம்பனிகளிடம் இரவு பகலாகக் கோல்களைக் கண்காணிக்க ஆக்கள் இருக்கிறார்கள். சின்ன ஒபிசில் வெள்ளிக்கிழமை பின்னேரம் பூட்டினால் திங்கள்தான் திறப்பார்கள். களவுக்குத் தேவை அந்த இரண்டு நாள்தான்.

வொய்ஸ்மெயிலும் இதே மாதிரி ஏமாந்தது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிலர் ஒபிஸ் வொய்ஸ்மெயில்களின் சுலபமான எண்களை ஊகித்து உள்ளே போய், வரவேற்புச் செய்தியை மாற்றினார்கள். "ஓம், ஓம், கட்டணத்தை ஏற்கிறேன்" என்ற மாதிரி ஒரு குரல். பிறகு வெளிநாட்டில் இருந்து, கட்டணத்தை வாங்குகிறவர் கட்டுகிற கோல் எடுத்தார்கள். தானியங்கி ஒபரேட்டர் "ஏற்கிறீர்களா?" என்று கேட்டது. வொய்ஸ்மெயில் "ஓம்" சொன்னது. பெரும்பாலும் விடுமுறை நாட்களில்.

எங்கட ஒபிசுகள்

யாழ்ப்பாணத்தில் இப்போது வங்கிக் கிளை, தனியார் ஆஸ்பத்திரி, ஹொட்டல், தொண்டு நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கே போனாலும் "எக்ஸ்டென்சன் எத்தனை?" என்றுதான் கேட்கிறார்கள். புதுப் பெட்டிகள் இணையத்தோடும் இணைக்கப்பட்டிருக்கின்றன. முன்பு நம்பர் நம்பராக அடித்துத் தேடிய ஓட்டையை இப்போது நிரல்கள் இணையம் முழுக்கத் தாங்களே தேடுகின்றன. அவைக்கு நியூயோர்க்கும் நெல்லியடியும் ஒன்றுதான்.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைந்தால் 5 வருசம் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். 2006இல் தொடங்கிய இலங்கை சேர்ட் நிறுவனத்திடம் முறைப்பாடு செய்யலாம். ஆனால் உடைத்தவன் ஒரு நாட்டில், நம்பர் இன்னொரு நாட்டில், காசு மூன்றாவது நாட்டில் இருக்கும்போது சட்டம் வந்து சேர்வதற்கு முதல் பில் வந்து சேர்ந்துவிடும்.

செய்யக் கூடியது பெரிய தொழில்நுட்பம் இல்லை. பெட்டி பூட்டிய ஆள் போட்ட பாஸ்வேர்ட்டை மாற்றுங்கோ. விலகிப்போன ஆளின் எக்ஸ்டென்சனையும் வொய்ஸ்மெயிலையும் மூடுங்கோ. வெளிநாட்டுக் கோல் தேவையில்லாத லைனில் ஐ.டி.டி. வசதியை நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுங்கோ. தேவையென்றாலும் இரவிலும் விடுமுறையிலும் அதைப் பூட்டி வைக்கலாம். வெளியில் இருந்து அடித்து உள்ளே வருகிற வசதியை ஆரும் பாவிக்கவில்லையென்றால் அதை அடியோடு எடுத்துவிடுங்கோ.

எங்களில் பலரின் அம்மா அப்பா இப்படியான ஒபிசுகளில்தான் வேலை செய்கிறார்கள். படிப்பு முடிய நாங்களும் அங்கேதான் போய் இருக்கப் போகிறோம். அடுத்த நீண்ட விடுமுறைக்கு ஒபிசைப் பூட்டுவதற்கு முதல், மூலையில் மினுங்கிக்கொண்டிருக்கிற அந்தப் பெட்டியின் பாஸ்வேர்ட் என்ன, அதைக் கடைசியாக மாற்றினது ஆர் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.